ஆடி ஒன்றும் ஆடிப் பதினெட்டும்

ஆடி முதல் தேதி சாயங்காலம் சேலம், நாமக்கல், ஈரோட்டுப் பக்கத்து ஊர்களில் வீதிக்கு வீதி தேங்காய் சுடுவார்கள். நாரை உரித்து, ஓட்டை வழவழவென்று தேய்த்து, கண்ணைத் துளைத்துத் தண்ணீரில் கொஞ்சத்தை வெளியே எடுத்துவிட்டு, அந்தத் துளை வழியாக வெல்லமும் எள்ளும் பாசிப்பருப்பும் அவலும் போடுவார்கள். பிறகு அழிஞ்சில் குச்சியைச் செருகித் தீயில் வாட்டுவார்கள். ஓடு கருகி வெடிக்கும்போது தெருவே மணக்கும். பிள்ளையாருக்குப் படைத்துவிட்டுச் சுடச்சுட உடைத்துத் தின்பார்கள். ஏன் இந்தப் பண்டிகை என்று கேட்டால் பெரியவர்கள் ஒரு காரணம் சொல்வார்கள்: பாரதப் போர் ஆடி ஒன்றில் தொடங்கியது, பதினெட்டில் முடிந்தது, தொடங்கிய நாளில் தேங்காய் சுட்டு வேண்டிக்கொண்டார்கள், முடிந்த நாளில் ஆற்றுக்குப் போய்த் தலை முழுகினார்கள்.

அதே இரண்டு தேதிகளுக்கு இந்தச் சமவெளியில் இன்னொரு கணக்கும் உண்டு. அந்தக் கணக்கு இருநூற்று இருபது வருடப் பழசு. ஆடிப் பதினெட்டு, தீரன் சின்னமலைக்குரிய நாள். ஆடி ஒன்று, அவருடைய தோழன் பொல்லானுக்குரிய நாள். ஆடிப் பதினெட்டை எல்லோரும் அறிவார்கள். ஆடி ஒன்றை அப்படி அறிந்தவர்கள் சமீப காலம் வரை சில ஊர்க்காரர்கள்தான்.

சங்ககிரிக்கு ஆடிப் பதினெட்டில் கூட்டம் சேரும். சேலத்திலிருந்து கோவை போகிற நெடுஞ்சாலையில் லாரிப் பட்டறைகளையும் டயர்க் கடைகளையும் தாண்டி வந்தால் சங்கைப் போன்ற அந்தக் குன்று தெரியும். ஊர்ப் பெயரே அதிலிருந்து வந்ததுதான் என்பார்கள். ரயில் நிலையத்தின் பெயரில் ‘துர்க்கம்’ என்ற பழைய ஒட்டு இன்னும் இருக்கிறது. அடிவாரத்திலிருந்து உச்சிவரை வாசலுக்கு மேல் வாசலாகக் கோட்டை ஏறுகிறது. உச்சியில் சென்னகேசவப் பெருமாள் இருக்கிறார். அதே மலையில் தர்காவும் இருக்கிறது. 1805 ஜூலை 31ஆம் தேதி இந்தக் கோட்டையில்தான் கிழக்கிந்தியக் கம்பெனி சின்னமலையைத் தூக்கிலிட்டது. அவரோடு தம்பிகள் பெரியதம்பி, கிலேதார், படைத்தலைவர் கருப்ப சேர்வை ஆகியோரும் மாண்டார்கள். அரசு மரியாதை, மாலை, தலைவர்கள் வருகை என்று அந்த நாள் இன்றுவரை சிறப்பாக நடக்கிறது. 2005இல், இருநூறாவது நினைவாண்டில், அஞ்சல் துறை சின்னமலைக்குத் தபால்தலை வெளியிட்டது.

அந்த நால்வரில் பொல்லான் இல்லை. அவர் சங்ககிரி வரை வரவில்லை. அதற்கு முன்பே, வேறொரு ஊரில், தனியாகச் செத்தார்.

கதை இப்படி. சின்னமலையின் இயற்பெயர் தீர்த்தகிரி. காங்கயத்தை அடுத்த மேலப்பாளையத்தில் 1756இல் பிறந்தவர். கொங்கு நாட்டு வரிப்பணம் சங்ககிரி வழியாக மைசூருக்குப் போகும்போது அதைப் பறித்து ஏழைகளுக்குக் கொடுத்தார், கேட்டால் சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவில் ஒரு சின்னமலை எடுத்துக்கொண்டதாகப் போய்ச் சொல் என்றார், பெயர் அப்படித்தான் வந்தது என்பது ஊரறிந்த கதை. பிறகு அவர் திப்புவோடு சேர்ந்து கம்பெனியை எதிர்த்தார். 1792 உடன்படிக்கைக்குப் பின் காவிரிக்கு வடக்கே சேலம், சங்ககிரிப் பக்கம் கம்பெனிக்குப் போய்விட்டது. தெற்கே காங்கயம், அரச்சலூர்ப் பக்கம் 1799இல் திப்பு வீழும் வரை மைசூரிடம் இருந்தது. நடுவில் ஆறுதான் எல்லை. திப்பு போன பிறகு சின்னமலை அரச்சலூருக்குப் பக்கத்தில் ஓடாநிலையில் கோட்டை கட்டிக்கொண்டு நின்றார். 1801இல் காவிரிக் கரையிலும், 1802இல் ஓடாநிலையிலும், 1804இல் அரச்சலூரிலும் கம்பெனிப் படையை விரட்டினார் என்று கொங்கு வரலாறு சொல்கிறது.

பொல்லான் இந்தக் கதைக்குள் செருப்போடு வருகிறார். அருந்ததியர் குலத்தவர்; தோல் வேலை தெரிந்தவர்; சின்னமலையின் படையில் முன்னால் நின்றவர். கம்பெனியின் முகாமுக்குள் வேலைக்காரராகப் புகுந்து அங்கே நடப்பதையெல்லாம் உளவறிந்தார். பீரங்கிகளோடு பெரும்படை ஓடாநிலைக்கு வரப்போகிறது என்று தெரிந்ததும் சேதியை எழுத்தாக்கி, ஒரு செருப்பின் தோல் மடிப்புக்குள் வைத்துத் தைத்துச் சின்னமலைக்கு அனுப்பினார். செருப்பைப் பிரித்துப் படித்த சின்னமலை ஆட்களோடு தப்பிவிட்டார். படை வந்தபோது கோட்டை காலியாக இருந்தது. ஆனால் பிரித்துப் போட்ட செருப்பும் சேதியும் அங்கேயே கிடந்தன. சோல்ஜர்கள் அதை எடுத்துப் பார்த்தார்கள். உள்ளே இருந்துகொண்டே தகவல் கொடுத்தவர் யார் என்பது தெரிந்துவிட்டது. நல்லமங்காபாளையத்தில் பொல்லானைச் சுட்டுக் கொன்றார்கள்.

சின்னமலை பழனிப் பக்கத்து மலையில் சில காலம் மறைந்திருந்தார்; சமையல்காரன் காட்டிக்கொடுத்தான்; சங்ககிரிக்குக் கொண்டுவரப்பட்டார். மீதி எல்லோருக்கும் தெரியும்.

பொல்லானைப் பற்றிய செய்திகள் பெரும்பாலும் வாய்வழி வந்தவை. கம்பெனிக்காரர்களின் கடிதங்களில் பாளையக்காரர் பெயர் வரும், பட்டக்காரர் பெயர் வரும். செருப்புத் தைப்பவரின் பெயர் வர இடமில்லை. ஆகவே அவரை நினைவில் வைத்திருந்தவர்கள் இரண்டு தரப்பார். ஒன்று, சின்னமலையின் கதையைச் சொன்னவர்கள். அவர்களுக்குப் பொல்லான் ஒரு காட்சியில் வந்துபோகும் ஆள்: செருப்பு வருகிறது, தலைவர் தப்புகிறார், கதை தலைவரோடு நகர்ந்துவிடுகிறது. இன்னொன்று, பொல்லானின் சொந்த மக்கள். அவர்களுக்கு அந்தச் செருப்பை அனுப்பிய ஆளுக்கு முன்னும் பின்னும் ஒரு வாழ்க்கை இருந்தது. அந்த ஆளுக்கு ஊர் இருந்தது, கூட்டாளிகள் இருந்தார்கள், தொழில் இருந்தது. ‘சின்னமலையின் உயிர்த்தோழர்’ என்ற இரண்டு சொல் பாராட்டு அவையெல்லாவற்றையும் விழுங்கிவிட்டது என்பதுதான் அவர்களுடைய நெடுநாள் மனக்குறை.

அந்தக் குறை நியாயமானது. கதையையே கொஞ்சம் பக்கத்தில் நின்று பார்த்தால் தெரியும். செருப்புக்குள் சேதி வைப்பது வீரம் மட்டுமா? அது கைத்திறன். அந்தக் காலத்துச் செருப்பின் அடி ஒற்றைத் தோல் அல்ல. ஒன்றன்மேல் ஒன்றாகத் தோலை அடுக்கி, குத்தூசியால் துளை போட்டு, விளிம்பைச் சுற்றித் தைப்பார்கள். அதற்குமுன் பச்சைத் தோலைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறவைத்து மயிரைக் கழித்து, ஆவாரம்பட்டையும் கடுக்காயும் இடித்துப் போட்ட தொட்டியில் நாள்கணக்காகக் கிடத்திப் பதப்படுத்த வேண்டும். நாற்றம் தாங்க முடியாத வேலை; ஊருக்கு வெளியே செய்த வேலை; அதனாலேயே ஊர் ஒதுக்கிய வேலை. அந்த அடுக்குக்குள் ஓலையோ காகிதமோ வைத்துத் தைத்தால் மேடு தெரியக் கூடாது. நடந்தால் சத்தம் வரக் கூடாது. மேல் தையல் மற்றச் செருப்புத் தையலைப் போலவே இருக்க வேண்டும். பாராக்காரன் கையில் எடுத்துப் புரட்டினாலும் சந்தேகம் வரக் கூடாது.

இன்னொன்றும் இருக்கிறது. செருப்பைத் தொட்டுப் பார்க்க யார்தான் மனம் வைப்பார்கள்? தோலையும் தோல் தைப்பவரையும் தீட்டு என்று ஒதுக்கிய ஊரில், எவரும் தொடாத பொருள் பத்திரமான பெட்டி ஆகிவிடுகிறது. தன்னை இழிவுபடுத்த வைத்திருந்த ஒன்றையே தனக்குக் கவசமாக மாற்றிக்கொண்ட ஆளைத்தான் இந்தக் கதை காட்டுகிறது. இந்தப் புத்தி சின்னமலை கொடுத்தது அல்ல. பொல்லானின் தொழிலிலிருந்தும், அவர் வாழ்ந்த வாழ்விலிருந்தும் வந்தது. உயிர்த்தோழர் என்று மட்டும் சொல்லும்போது இது கண்ணுக்குத் தெரியாமல் போகிறது.

அவருடைய பெயரையும் பார்க்க வேண்டும். பிறந்த பிள்ளைகள் தங்காத வீட்டில் அடுத்த பிள்ளைக்குக் குப்பன் என்றும் பிச்சை என்றும் பெயர் வைப்பது நம் வழக்கம். எமனும் கண்ணேறும் வேண்டாமென்று தள்ளிவிட்டுப் போகட்டும் என்பதற்காக. பொல்லான் என்ற பெயரையும் அந்த வரிசையில் வைத்துப் பார்க்கலாம். தீர்த்தகிரிக்குச் சின்னமலை என்று ஒரு பெயர் சேர்ந்தது, தீரன் என்று ஒரு அடைமொழி சேர்ந்தது. பொல்லானுக்குத் தாய் தகப்பன் வைத்த அந்த ஒரு பெயர்தான். அதையும் தோழன் என்ற சொல்லுக்குப் பின்னால்தான் வெகுகாலம் உச்சரித்தார்கள்.

இந்தச் சமவெளியில் அருந்ததியருக்கும் நிலக்காரருக்கும் இருந்த உறவு எப்படிப்பட்டது என்று தெரிந்தால் இந்த விஷயம் இன்னும் விளங்கும். சங்ககிரி, திருச்செங்கோடு, எடப்பாடிப் பக்கம் மேட்டுக்காடு. ஏரிப் பாசனம் குறைவு. ஆழக் கிணறுதான் உயிர். கவலை ஓட்டித்தான் தண்ணீர் இறைப்பார்கள். இரண்டு மாடுகள் சரிவில் இறங்கும்போது வடம் இழுபட்டுச் சால் மேலே வரும். சாலின் அடியிலிருந்து யானைத் துதிக்கையைப் போலத் தொங்குகிற தோல் குழாய்க்குத் தும்பி என்று பெயர். சால் மேலே வந்ததும் தும்பி வழியாகத் தண்ணீர் வாய்க்காலில் கொட்டும். தும்பி கிழிந்தால் அன்றைக்குப் பாசனம் நின்றது, பயிர் வாடியது. ஆகவே ஒவ்வொரு பண்ணையத்துக்கும் மாதாரி என்று அழைக்கப்பட்ட ஓர் அருந்ததியர் குடும்பம் கட்டுப்பட்டிருக்கும். தும்பி தைப்பது, மாட்டுக்கு வாரும் கயிறும், வீட்டாருக்குச் செருப்பு, செத்த மாட்டை எடுப்பது, காட்டு வேலை, எல்லாம் அவர்கள் பொறுப்பு. கூலி களத்துமேட்டில் தானியமாக. பையன்களை ஆடு மேய்க்க வருஷக் கணக்கில் விடுவார்கள். நிலக்காரரைப் பண்ணாடி என்று கூப்பிடுவார்கள்.

இதைச் சுரண்டல் என்று சொன்னால் சரி. ஆனால் அந்தச் சொல்லுக்குள் அடங்காத ஒன்றும் அங்கே இருந்தது. ஒரே காட்டில் ஒன்றாகக் கிடந்து, ஒரே மாட்டை ஓட்டி, ஒரே மழைக்குக் காத்திருந்தவர்களுக்கு நடுவே அன்பும் இருக்கத்தான் செய்தது. அந்த அன்பு எல்லாவற்றையும் கேட்டது. ஆளுக்குச் சொந்த நேரம் இல்லை, சொந்தத் தேதி இல்லை, பல நேரம் சொந்தப் பெயரும் இல்லை. ‘இன்னார் பண்ணையத்து ஆள்’ என்பதே பெயர். பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’ நாவல் இந்த மண்ணின் கதைதான். திருச்செங்கோட்டுப் பக்கத்துக் காட்டில் ஆடு மேய்க்கும் கூளையனுக்கும் பண்ணையக்காரர் மகன் செல்வனுக்கும் இடையிலான சிநேகத்தைப் படித்தவர்களுக்குத் தெரியும்: சேர்ந்து விளையாடும் வரைக்கும் இருவரும் சமம், ஆடு தொலைந்த அன்றைக்கு ஒருவன் பண்ணாடி மகன், ஒருவன் ஆள்.

கவலைக்கு முடிவு கட்டியது எந்தச் சட்டமும் அல்ல, மின்சார மோட்டார். 1950களிலும் அறுபதுகளிலும் கிணற்றுக்குக் கிணறு பம்புசெட் ஏறியபோது தும்பிக்கு வேலை இல்லாமல் போனது. தோல் தைத்த கைகளுக்கு ஒரு பக்கம் பிழைப்புப் போனது. மறுபக்கம் பண்ணையத்தோடு கட்டியிருந்த கயிறும் தளர்ந்தது. சங்ககிரியில் லாரித் தொழில் பெருகியது, திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் வண்டிகள் பெருகின. பல சாதிப் பையன்களும் கிளீனராக ஏறி, டிரைவராக இறங்கினார்கள். லைசென்ஸ் அட்டையில் இன்னார் பண்ணையத்து ஆள் என்று எழுத இடமில்லை. அவனவன் பெயரும் தகப்பன் பெயரும்தான். பொல்லானுக்குத் தனிச்சிலை வேண்டும் என்ற குரல் எழுந்தது இந்த மாற்றத்துக்குப் பிறகுதான் என்பது தற்செயல் இல்லை. தன் பெயரில் நிற்கத் தொடங்கிய மக்கள்தான், தங்கள் மூதாதையின் பெயர் எங்கே என்று கேட்பார்கள்.

இனி, தேங்காய் சுடும் நாளுக்குப் பின்னால் இருக்கிற பாரதத்துக்கே வருவோம். தோழமைக்குத் தன்னை முழுக்கக் கொடுத்தவன் என்றால் தமிழருக்கு முதலில் நினைவு வருவது கர்ணன். தேரோட்டி மகன் என்று சபை சிரித்தபோது துரியோதனன் கை கொடுத்தான். பின்னால் குந்தி வந்து நீ என் மூத்த மகன் என்று சொல்கிறாள். தான் யார் என்பது தெரிந்த பிறகும் கர்ணன் தோழன் பக்கமே நிற்கிறான். செஞ்சோற்றுக் கடன் என்று அதைப் போற்றுகிறோம். 1964இல் வந்த ‘கர்ணன்’ படத்தைப் பார்த்து அழாத வீடு குறைவு. கொங்கு நாட்டின் சொந்தக் காவியமான அண்ணன்மார் கதையிலும் பொன்னர் சங்கருக்குச் சாம்புகன் உண்டு. உடம்பில் பலசாலி, விசுவாசத்தில் அதைவிடப் பலசாலி. கனடா நாட்டு மானிடவியலாளர் பிரெண்டா பெக் 1965இல் கொங்குக் கிராமத்தில் தங்கி அந்தக் கதையைப் பாடகர்களிடமிருந்து ஒலிப்பதிவு செய்தார். இரவிரவாகப் பாடப்படும் கதை. அதில் சாம்புகன் தன் எசமானர்களுக்காகவே வாழ்கிறான்.

இப்படிக் கரைந்துபோகிறவர்களைத்தான் நம் கதைகள் பெரிதும் கொண்டாடின. சங்க இலக்கியம் மட்டும் வேறொன்றையும் காட்டுகிறது. பிசிராந்தையார் என்றதும் கோப்பெருஞ்சோழன். பார்க்காமலே நட்பு, கடைசியில் வடக்கிருந்து கூடவே உயிர்விட்டது. பள்ளிக்கூடத்தில் அவ்வளவுதான் சொல்லித் தருவார்கள். ஆனால் புறநானூற்றில் அதே பிசிராந்தையார் தன் நாட்டு அரசன் பாண்டியன் அறிவுடை நம்பிக்கு வரி வாங்கும் முறையைச் சொல்லித் தருகிறார். யானைக்கு நெல்லை அறுத்துக் கவளமாக்கிக் கொடுத்தால் சிறு நிலமும் பல நாளைக்கு வரும். யானையையே வயலில் விட்டால் தின்றதைவிட மிதித்தது அதிகம் என்கிறார். சோழனின் நண்பர் என்ற அடையாளம் இல்லாமலே நிற்கிற பாட்டு அது. கபிலரும் அப்படித்தான். தோழன் பாரி இறந்த பிறகு அவர் நெஞ்சு உடைந்தது உண்மை. பாரியின் மகளிரைக் கூட்டிக்கொண்டு அலைந்ததும் உண்மை. ஆனால் 261 அடியில் குறிஞ்சிப்பாட்டு எழுதியதும், ஐங்குறுநூற்றில் குறிஞ்சி நூறு பாடியதும், சேரன் செல்வக் கடுங்கோ வாழியாதனைப் பதிற்றுப்பத்தில் பாடியதும் அதே கபிலர்தான். பாரியைக் கழித்தாலும் கபிலர் மிச்சமிருக்கிறார், ஏனென்றால் அவருடைய எழுத்து மிச்சமிருக்கிறது. பொல்லானுக்கு அந்த வசதி இல்லை. அவர் தைத்தவை எல்லாம் மண்ணோடு போயின. அவர் வைத்த ஒரே எழுத்து அவரையே கொன்றது.

எழுத்து இல்லாதவர்களுக்குப் பெயரை நிறுத்திக் கொடுப்பது ஊரின் வேலை, அரசின் வேலை. அது எவ்வளவு கடினம் என்பதைத் தமிழ்நாடு 1997இல் பார்த்தது. கட்டபொம்மனின் படைத்தலைவர் சுந்தரலிங்கம். விருதுநகரில் புதிதாகத் தொடங்கிய அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். கட்டபொம்மன் பெயரில் ஏற்கெனவே பேருந்து ஓடியது, யாரும் மறுக்கவில்லை. ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்த சுந்தரலிங்கத்தின் பெயர் எழுதிய பேருந்தில் ஏற மாட்டோம் என்றார்கள், கலவரம் வெடித்தது, உயிர்கள் போயின. கடைசியில் எல்லா மாவட்டங்களிலிருந்தும் எல்லாக் கழகங்களிலிருந்தும் தலைவர் பெயர்களை அரசு எடுத்துவிட்டது. திருச்சியில் இருந்த தீரன் சின்னமலைப் போக்குவரத்துக் கழகத்தின் பெயரும் அப்போதுதான் போனது. தளபதியின் பெயரைத் தாங்க முடியாதவர்கள் தலைவர்களின் பெயரையும் சேர்த்து இழந்தார்கள். அந்த எதிர்ப்பு தமிழ்ச் சமூகத்துக்குப் பெருமை சேர்க்கவில்லை.

வெளிநாட்டிலும் இந்தக் கதை உண்டு. வட துருவத்தை 1909இல் அடைந்ததாக அறிவித்த அமெரிக்கர் ராபர்ட் பியரியோடு ஏறத்தாழ இருபது வருடம் பனியில் நடந்தவர் மேத்யூ ஹென்சன் என்ற கறுப்பினத்தவர். எஸ்கிமோ மக்களின் மொழி தெரிந்தவர், சறுக்கு வண்டி செய்யத் தெரிந்தவர். பியரிக்கு நாடு பதக்கமும் பதவியும் கொடுத்தது. ஹென்சன் சுங்க அலுவலகத்தில் குமாஸ்தாவாக வேலை பார்த்தார். 1955இல் இறந்தார். 1988இல்தான் அவர் உடலை ஆர்லிங்டன் தேசியக் கல்லறைக்கு மாற்றினார்கள். அங்கேயும் பியரியின் கல்லறைக்குப் பக்கத்தில்.

பக்கத்தில் இடம் கிடைப்பது ஒரு மரியாதைதான். பொல்லானின் மக்கள் கேட்டது அதைவிடச் சற்று அதிகம். அவருக்கென்று ஓர் இடம், அவருக்கென்று ஒரு நாள். ஆண்டுதோறும் ஆடி ஒன்றில் நல்லமங்காபாளையத்துக்கு அவர்கள் மாலையோடு போனார்கள். ஆடிப் பதினெட்டு வரை காத்திருந்தால் கூட்டத்தோடு கூட்டமாக அவர் பெயரையும் சொல்லியிருப்பார்கள். பதினேழு நாள் முந்திய தேதியில் நின்றதால்தான் அவர் பெயர் தனியாக ஒலித்தது. இது சின்னமலையைக் குறைப்பது ஆகாது. உயிர் கொடுத்துத் தன்னைக் காத்தவனுக்குத் தனிப்பெயர் இருப்பதை எந்த நல்ல தோழன் மறுப்பான்?

இதே காலத்தில் அருந்ததியர் தனித்துக் கணக்கில் எடுக்கப்படும் வேறொரு மாற்றமும் நடந்தது. பட்டியல் சாதியினருக்கான 18 சதவீத இடஒதுக்கீட்டுக்குள் அவர்களுக்கு 3 சதவீதம் உள்ஒதுக்கீடு தரும் சட்டத்தைத் தமிழ்நாடு 2009இல் நிறைவேற்றியது. மாநிலங்கள் அப்படிப் பிரித்துக் கொடுக்கலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு 2024 ஆகஸ்ட் 1ஆம் தேதி தீர்ப்புச் சொன்னது. கல்லூரி இடமும் அரசு வேலையும் வேறு, சிலை வேறு என்று தோன்றலாம். இரண்டிலும் கேட்கப்பட்டது ஒன்றுதான்: எங்களைத் தனியாக எண்ணுங்கள்.

ஈரோட்டிலிருந்து காங்கயம் போகும் வழியில் இருக்கிறது அரச்சலூர். அங்கே நாகமலைக் குகையில் ஒரு தமிழிக் கல்வெட்டு உண்டு. ஈரோட்டுக் கல்வெட்டறிஞர் புலவர் செ. இராசு கண்டுபிடித்தது. ஏறத்தாழ 1700 வருடப் பழசு. வரிசை வரிசையாகத் தாளச் சொற்கட்டுகள் பொறித்திருக்கின்றன. எப்படிப் படித்தாலும் ஒழுங்கு மாறாது. தமிழ் இசை வரலாறு எழுதுகிறவர்கள் எல்லோரும் அந்தக் கல்லைத் தேடி வருகிறார்கள். அந்த எழுத்தை அமைத்தவர் அரசர் இல்லை, வள்ளலும் இல்லை. மணியும் காசும் தரம் பார்க்கும் வண்ணக்கர் ஒருவர்; பெயர் தேவன் சாத்தன். வேலையை முடித்ததும் இதைச் செய்தவன் நான் என்று தன் பெயரையும் தொழிலையும் அதே பாறையில் வெட்டி வைத்துவிட்டுப் போனார். யாருடைய நண்பர், யாருடைய ஆள் என்று அவர் எழுதவில்லை.

அந்த மலைக்குப் பக்கத்து மண்ணில்தான் பொல்லானும் நடந்தார். அவர் பெயர் கல்லில் ஏற இருநூறு வருடத்துக்கு மேல் ஆனது. 2025 நவம்பரில் ஈரோடு மாவட்டம் ஜெயராமபுரத்தில் அவருக்குத் தமிழ்நாடு அரசு கட்டிய நினைவரங்கத்தையும் முழுவுருவச் சிலையையும் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் திறந்து வைத்தார். ஓடாநிலையில் சின்னமலைக்கு மணிமண்டபம் ஏற்கெனவே இருக்கிறது. இரண்டும் ஒரே சுற்றுவட்டாரத்தில், தனித்தனி இடத்தில் நிற்கின்றன.

இன்னும் ஒரு வேலை பாக்கி. தும்பி தைத்த கடைசித் தலைமுறைக்கு இப்போது எண்பது வயதுக்கு மேல். ஆவாரம்பட்டைத் தொட்டியில் தோல் எத்தனை நாள் கிடக்க வேண்டும், கவலைப் பாட்டை எந்த ராகத்தில் இழுப்பார்கள், பொல்லானைப் பற்றித் தங்கள் பாட்டன் என்ன சொன்னார் என்பதெல்லாம் அவர்கள் வாயில் இருக்கிறது. சேலம், நாமக்கல், ஈரோட்டுக் கல்லூரிகளில் வரலாறும் தமிழும் படிக்கிற பிள்ளைகள் ஒரு கைப்பேசியோடு போய் உட்கார்ந்தால் போதும், பதிவாகிவிடும். ஆடிப் பதினெட்டுக்குச் சங்ககிரி மலை ஏறுகிறவர்கள் ஏறட்டும். அடுத்த ஆடி ஒன்றில் தேங்காய் சுடுவதற்கு முன்னால், பகலிலேயே ஒரு நடை ஜெயராமபுரம் போய்விட்டு வாருங்கள்.